மூன்றாவது பிளக்குக்கு வெளிச்சம்

என் அப்பு,

நீ அனுப்பிய குரல் செய்தியை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. "அம்மா, வானை வித்துப்போட்டு கொழும்பில மாமா வீட்டை போய் இருங்கோ. எங்கட வீட்டை வாடகைக்குக் குடுக்கலாம். நான் மாமாவோட கதைச்சிட்டன். நீங்கள் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை அவர் பாப்பார்." அவ்வளவுதான். உன் குரலுக்குப் பின்னால் ஒரு ரயில் போகிறது. நீ பேசி முடித்த பிறகும் அது போய்க்கொண்டே இருக்கிறது. ஜப்பானில் ரயில்கள் இவ்வளவு நீளமா என்று யோசித்தபடி திரும்பத் திரும்பக் கேட்டேன். பதில் மட்டும் சொல்லவில்லை. தொலைபேசியில் பிடித்தால் நீ வேலை இடைவேளையில் நிற்கிறாய், சோற்றை விழுங்கிக்கொண்டே "சரி, சொல்லுங்கோ" என்கிறாய். அவசரத்தில் நிற்கிற பிள்ளையிடம் ஓம் என்பதைத் தவிர வேறு எதைச் சொல்வது? அந்த ஓம் எனக்கு வாயில் வரவில்லை. இன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை. குசினி மேசையில் இருந்து அவசரமில்லாமல், ஆறுதலாக எழுதுகிறேன். நீயும் ஆறுதலாகப் படி. மாமாவுக்கும் போனில் வாசித்துக் காட்டு.

பாலத்தில் எங்கள் வான் வண்டி நின்றதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. என்னோடு படிப்பிக்கிற ஆசிரியை ஒருவரின் மகளுடைய கலியாணத்துக்குக் கிண்ணியாவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலத்தின் நடுவில் வான் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கத் தொடங்கியது. அக்சிலேட்டரை மிதித்தேன், இன்னும் மோசமாக நடுங்கி நின்றேவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர், பின்னால் லொறிக்காரனின் ஹோர்ன். தூண்டில் போட்டுக்கொண்டு நின்ற பொடியன்கள் ஓடி வந்தார்கள். "அக்கா, நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பிடிங்க, பிரேக்கை மிதிச்சிராதீங்க, நாங்க தள்ளுறம்" என்றான் ஒருவன். கரைக்கு வந்த பிறகு மற்றவன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டான். அக்கறையில் கேட்ட கேள்விதான். ஆனாலும் வீடு வரைக்கும் அது பின்சீற்றில் ஏறி உட்கார்ந்து வந்தது. அன்று பின்னேரம் உன்னோடு பேசியபோது என் குரல் நடுங்கியது. நீ பயந்தது வானுக்கு இல்லை, அந்தக் குரலுக்கு. அது எனக்குத் தெரியும். அதனால் உன்னில் எனக்குக் கோபமில்லை.

அடுத்த நாளே வானைக் கராஜில் விட்டேன். எஞ்சினுக்குள் பொறி அடிக்கிற மூன்று பிளக்கும் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றித் தந்ததாகவும் சொன்னார்கள். இரண்டொரு நாள் ஓடியது, பிறகு மடத்தடிச் சந்தியில் நிற்கும்போது அதே நடுக்கம். வீட்டுக்கு வந்து முன்சீற்றைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சின் அதற்குக் கீழேதானே இருக்கிறது. முன்னால் உள்ள இரண்டு பிளக்குகளின் மேலும் துடைத்த அடையாளம், விரல் அடையாளம். பின்னால், சீற்றுச் சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிற மூன்றாவதின் மேல் வருடக்கணக்கான புழுதி அப்படியே கிடந்தது. போய்க் கேட்டேன். "மூண்டாவதுக்குக் கை போகாது டீச்சர். சீற்றைச் சட்டத்தோட கழற்றோணும், நாள் பிடிக்கும். அது நல்லாத்தான் இருக்கும். இல்லாட்டி வித்திருங்கோவன், உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?" என்று சொல்லி, மாற்றாத புதுப் பிளக்கைப் பெட்டியோடு என் கையில் வைத்தார். எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான் வருகிறது. வித்திருங்கோ. வானுக்குச் சொல்கிறார்களா எனக்குச் சொல்கிறார்களா என்று சில நேரம் விளங்குவதில்லை. அந்தப் பெட்டியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குள் ஒரு முடிவு எடுத்தேன். மூன்றாவது பிளக்கை நானே மாற்றிப் பார்ப்பது. முடியாவிட்டால், நீ கேட்ட ஓமை மறுபேச்சில்லாமல் சொல்லிவிட்டு, உடுப்புகளை அடுக்கிக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறுவது.

அப்பாவின் சாமான் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். அந்தப் பெட்டியை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பப்பா துறைமுகப் பட்டறையில் வேலை செய்து சேர்த்த சாமான்கள், எல்லாம் வெள்ளைக்காரக் கப்பல்களுக்கு என்று வந்த அங்குல அளவுகள். உன் அப்பாவுக்கு அவற்றின் மேல் இருந்த பக்தி கோயில் மேல்கூட இருக்கவில்லை. வேறு யாருடைய ஸ்பானரைக் கண்டாலும் தட்டிப் பார்த்து, "தகரம்" என்பார். ஜப்பானிலிருந்து வந்த வானின் பிளக்குத் தலை பதினாலு மில்லிமீட்டர். அந்தத் தலையில் மாட்டித் திருப்புவதற்குப் பெட்டியில் கிட்டவாக இருந்தது பதினாறில் ஒன்பது அங்குலச் சொக்கட். அப்பா போட்டுப் பார்த்தார், கொஞ்சம் ஆடியது. நியாயமான மனுஷன் கடைக்குப் போய்ப் பதினாலு வாங்கியிருப்பான். இவர் தேயிலைப் பைக்கற்றின் ஈயத்தாளை மடித்து உள்ளே வைத்தார். "இப்ப பாரும், சப்பாத்து மாதிரி இருக்கு" என்றார். வான் வாங்கிய நாளிலிருந்து அந்த ஈயத்தாள்தான். துறைமுக இரும்பில் பிழை இருக்காது, பிளக்தான் சரியான அளவில் செய்யப்படவில்லை என்பது அவர் கட்சி. இந்த ஊரில் அப்படிப் பெட்டி வைத்திருக்கிற வீடுகளில் எல்லாம் இதே கதைதான் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அங்குலத்தை மில்லிமீட்டராக்கக் கற்றுக்கொடுக்கிற நானும் ஒருநாள்கூட அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. என் வேலை வேறாக இருந்தது. நான் டோர்ச் பிடிக்கிற ஆள்.

"இஞ்சாரும், லைட்டைப் பிடியும்" என்று முற்றத்திலிருந்து குரல் வரும். மீன் அடுப்பில் இருக்கும், திருத்தாத விடைத்தாள்கள் மேசையில் இருக்கும். போவேன். "எங்க பிடிக்கிறீர்? பிளக் எஞ்சினுக்குள்ள கிடக்கு, என்ர மூக்குக்குள்ள இல்லை." "மீன் தீயுது, கெதியா முடியுங்கோ." "இன்னும் கொஞ்சம்தான், ஆடாமப் பிடியும்." நீ பெரியவனான பிறகு உன் பகிடியும் சேர்ந்துகொண்டது. "அம்மாவை வெளிச்சவீட்டு வேலைக்கு எடுத்திருக்கலாம் அப்பா. பாருங்கோ, சுத்திச் சுத்தி அடிக்கிறா, மாலைதீவில இருந்து கப்பல் வரப்போகுது." இரண்டு பேரும் சிரிக்க, நான் டோர்ச்சை வைத்துவிட்டுப் போவதாக வெருட்டுவேன். ஒருநாளும் போனதில்லை.

சனிக்கிழமை காலையில் அதே சொக்கட்டை, அதே மாதிரி ஈயத்தாள் மடித்து, மூன்றாவது பிளக்கில் போட்டேன். திருப்பினேன். பிடிப்பது மாதிரி இருந்தது, பிறகு உள்ளே ஏதோ வழுக்கி உருண்டது. பிளக்கின் மூலைகள் தேய்கின்றன என்று கை சொல்லியது. இன்னொரு தடவை பலமாகத் திருப்பியிருந்தால் அதை யாராலும் கழற்ற முடியாமல் போயிருக்கும். வெளியே எடுத்துவிட்டுக் குசினியில் வந்து இருந்தேன். அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் கேட்க ஆளில்லையே என்ற நினைப்பு வந்தது. பிறகு ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அப்பாவின் சொக்கட் பதினாலேகால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூட. அந்தக் கால் மில்லிமீட்டரைத்தான் இத்தனை வருடமும் ஈயத்தாள் நிரப்பியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பிளக்கின் மூலையில் கொஞ்சம் கொஞ்சம் தின்றிருக்கிறது. அப்பாவை நினைத்து எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இதைச் சொல்லிச் சண்டை பிடிக்க மனுஷன் இல்லை.

நீ அங்கே பழைய கார் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னாய். ஆகவே இனி எழுதுவதைக் கவனமாகப் படி. சொக்கட் வாங்கப் போகும்போது அளவை மட்டும் மனதில் கொண்டு போகாதே. புதுப் பிளக்கைக் கையோடு கொண்டு போ. பிளக் உட்கார்ந்திருக்கிற ஆழக் குழியின் அகலத்தையும் கொண்டு போ. நான் பழைய கலண்டர்த் தாளைக் குழல் மாதிரிச் சுருட்டி, அந்தக் குழிக்குள் விட்டு, குழியின் சுவரில் படும்வரைக்கும் விரியவிட்டு, அப்படியே ஒட்டுநாடா ஒட்டி எடுத்தேன். பிளக்கில் சரியாகப் பொருந்துகிற சொக்கட் ஆனாலும் அதன் சுவர் தடிப்பாக இருந்தால் குழிக்குள்ளேயே இறங்காது. அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும். குழலையும் பிளக்கையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பஸ் நிலையத்துக்கு அருகில், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவரின் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன்.

"என்ன டீச்சர், வான் பாலத்துல நிண்டுட்டாமே?" என்றார், நான் வாசற்படி ஏறும்போதே.

"கிண்ணியா முழுக்கத் தெரிஞ்சிட்டுதோ?"

"மூதூர் வரைக்கும் போயிட்டு. என்ன வேணும்?"

"பதினாலு பிளக் சொக்கட்."

"வான் திருத்துற பாஸை அனுப்புங்க டீச்சர், அவருக்கு அளவு தெரியும்."

"பாஸ் நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கடைப் பொடியனைப் பார்த்து, "பாஸுக்கு ஒரு தேத்தண்ணி சொல்லுடா" என்றார். முதலில் பதினாறு ஒன்றைத் தூக்கி வைத்து, "இது எல்லாத்துக்கும் போகும்" என்றார். பிளக்கை அதற்குள் போட்டு ஆட்டிக் காட்டினேன், மணி மாதிரி அடித்தது. பிறகு பதினாலில் ஒன்று வந்தது. பிளக்குக்குப் பொருந்தியது, கலண்டர்க் குழலுக்குள் இறங்கவில்லை. "இது என்ன டீச்சர், ரொக்கெட்டா?" என்று குழலை வாங்கிப் பார்த்தார். விளக்கிய பிறகு சிரிக்காமல் அலுமாரியின் அடித்தட்டில் தேடி, மெல்லிய சுவரோடு நீளமான ஒன்றை எடுத்தார். உள்ளே பிளக்கின் தலையைக் கவ்வுகிற ரப்பர் வளையம். குழலுக்குள் தடையில்லாமல் இறங்கியது. சொக்கட்டை ஆழத்துக்கு இறக்குகிற நீட்டுக் கம்பியும் கேட்டேன். ஒரு நீளமானதை எடுத்தார். வேண்டாம், கட்டையாக இரண்டு தாங்கோ என்றேன். சீற்றுச் சட்டம் குறுக்கே நிற்பதால் நீளமான கம்பி குழிக்கு நேரே நுழையாது. சொக்கட்டோடு ஒரு கட்டையை முதலில் இறக்கிவிட்டு, மற்றதை அதன் மேல் பூட்ட வேண்டும். அப்பா அப்படித்தான் செய்வார். டோர்ச் பிடித்த காலத்தில் நான் பார்த்து வைத்திருந்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை, எஞ்சின் நன்றாக ஆறியிருந்த காலையில் தொடங்கினேன். படலையில் வழக்கமாக வருகிற மான் வந்து நின்று பார்த்தது. தெருத் தெருவாகச் சுற்றுகிற எங்கள் ஊர் மான்களுக்கு வேறு என்ன வேலை. சைக்கிள் பம்பால் குழிக்குள் இருந்த புழுதியை ஊதினேன். அந்தப் புழுதி எஞ்சினுக்குள் விழுந்தால் வேறு வில்லங்கம். டோர்ச்சை சீற் பெல்ட்டில் கட்டித் தொங்கவிட்டேன். சொக்கட்டை இறக்கி, இரண்டாவது கம்பியைப் பூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். வழுக்கவில்லை. தேய்ந்து மிஞ்சின மூலைகளைப் புதுச் சொக்கட் கவ்விக்கொண்டது. ஒரு கிறீச்சோடு பிளக் இளகியது. சந்தோஷத்தில் சுழற்றிச் சுழற்றி மேலே இழுத்தேன். கம்பி மட்டும் கையில் வந்தது. ரப்பர் பிளக்கைக் கவ்வியபடி சொக்கட் அடியிலேயே நின்றுவிட்டது.

அரை மணித்தியாலம் குனிந்து கம்பியால் சொக்கட்டின் வாயைத் தேடியிருப்பேன். அதற்குள் டோர்ச் கழன்று விழுந்து, எஞ்சினுக்கு அடியில் உருண்டு, அணைந்துபோனது. எட்டி எடுக்க ஏலவில்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். டோர்ச் அணைந்ததால் எனக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மூன்றாவது குழிக்குள் கை போய்விட்டால் வெளிச்சத்துக்கு அங்கே இடமே கிடையாது. கை மறைக்கிறது, சட்டம் மறைக்கிறது, தலை மறைக்கிறது. சூரியனையே கொண்டுவந்து பிடித்தாலும் அந்தப் பிளக்கைப் பார்க்க முடியாது. முழுக்க விரல் நுனியில் செய்கிற வேலை.

அப்படியென்றால் உன் அப்பா ஏன் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டார்?

வானுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கதிரையில் எனக்கு எதிரே உட்கார்ந்தால் அந்த மனுஷனுக்குக் கதை வராது. பேப்பரைப் பார்ப்பார், தொலைக்காட்சியைப் பார்ப்பார். தலை எஞ்சினுக்குள் இருக்கும்போதுதான் எல்லாம் வரும். வேலை செய்த கந்தோரில் நடந்த அவமானம், தன் தம்பியோடு பேசாமல் விட்ட கவலை, உன்னை எப்படிப் படிப்பிக்கப்போகிறோம் என்ற பயம். என் முகத்தைப் பார்க்காமல், ஸ்பானரைப் பார்த்துச் சொல்வார். நான் மீன் தீய்கிறது என்று நினைத்துக்கொண்டு கேட்பேன். அவர் கூப்பிட்டது வெளிச்சத்துக்கு இல்லை. நீயும் அப்படித்தான். அப்பா இறந்த பிறகு ஒரு தடவை நீ இதே பிளக்கை மாற்றினாய். "அம்மா, லைட்டைப் பிடியுங்கோ" என்றாய். நான் வந்தேன். கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டிருந்தாய். பிறகு தலையை நிமிர்த்தாமல், "அம்மா, எனக்கு விசா வந்திட்டுது" என்றாய். உடனேயே "லைட்டை ஆட்டாதேங்கோ அம்மா" என்றாய். உனக்கு அங்கே வெளிச்சமே விழவில்லை, அப்பு. ஆடியது உனக்கு எப்படித் தெரிந்தது?

பிறகு எழும்பினேன். கம்பியின் முனையில் கறுத்த ஒட்டுநாடாவை ஒரு சுற்றுச் சுற்றித் தடிப்பாக்கி, கண்ணை மூடிக்கொண்டு குழிக்குள் விட்டேன். கண்ணை மூடினால் விரலுக்குக் கூடுதலாகத் தெரிகிறது. சொக்கட்டின் வாய் தட்டுப்பட்டது. அழுத்தினேன், இறுக்கமாக உட்கார்ந்தது. நேராக, பொறுமையாக இழுத்தேன். சொக்கட்டும் பிளக்கும் ஒன்றாக வந்தன. முனை கரிக்கட்டி மாதிரிக் கறுத்துப்போயிருந்தது. புதியதைப் போடும்போது கம்பியால் திருப்பாதே. மரை குறுக்கே ஏறினால் எஞ்சினே கெட்டுவிடும். ஒரு துண்டு ரப்பர்க் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, விரலால் மெதுவாகச் சுழற்று. மரை பிடிக்கிற இடத்தில் ஒரு சின்ன இளக்கம் தெரியும். அது தெரிந்த பிறகுதான் சொக்கட். அதையும் அளவோடு இறுக்கு. அடுத்த தடவை கழற்றப்போவதும் நீதான்.

புதியதைப் பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினேன். நடுக்கம் இல்லை. தையல் மெஷின் மாதிரி ஒரே சீரான சத்தம். மான் ஓடிவிட்டது. கைகழுவிவிட்டு, சேலை மாற்றாமல், அப்படியே வானை எடுத்துக்கொண்டு உள்துறைமுகக் கரையால் போய்க் கிண்ணியாப் பாலத்தில் ஏறினேன். நின்ற அதே இடத்தில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. தூண்டில்காரப் பொடியன்கள் யாராவது நிற்பார்கள், கை காட்டலாம் என்று நினைத்தேன். யாரும் இல்லை. அக்கரையில் திருப்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, "செய்துபோட்டன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். குசினிக்குள் குளிர்சாதனப்பெட்டியின் இரைச்சல்தான் பதில் சொன்னது. உனக்குப் போன் எடுத்தேன். நீ வேலையில் இருந்திருப்பாய், எடுக்கவில்லை. ஒருத்திக்கு என்று ஒரு சுண்டு அரிசி அளந்து போட்டேன். தனிமை இல்லை என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். இருக்கிறது, பின்னேரங்களில் கூடுதலாக இருக்கிறது. ஆனால் மாமா வீட்டில் எனக்கு ஒரு அறை இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், எல்லாம் மற்றவர்கள் செய்து தருவார்கள். அங்கே எனக்கு வரப்போகிற தனிமையை நினைத்தால் இது பரவாயில்லை. இங்கே என்றால் கழற்றிப் பூட்ட எனக்கு ஒரு வானாவது இருக்கிறது.

ஆகவே என் பதில் இதுதான். வானை விற்கவில்லை. வீட்டை வாடகைக்குக் கொடுக்கவில்லை. ஏலாத நாள் வந்தால் நானே உனக்குச் சொல்வேன், அன்று குரல் நடுங்காது. மாமாவிடம் என் அன்பைச் சொல்லு.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அந்தக் காரை வாங்கி, என்றாவது ஒருநாள் அதன் பிளக்கைக் கழற்றத் தொடங்கும்போது, போனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடு. எனக்கு முகம் காட்ட வேண்டாம், எஞ்சினைக் காட்டினால் போதும். சொல்ல ஏதாவது இருந்தால் தலையை நிமிர்த்தாமல் சொல்லு. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடு. "அம்மா, லைட்டைப் பிடியுங்கோ" என்று கூப்பிடு. எஞ்சினுக்கு அடியில் விழுந்த டோர்ச்சை வீடு கூட்டுகிற தும்புத்தடியால் இழுத்து எடுத்துவிட்டேன். பற்றரி மாற்றி வைத்திருக்கிறேன். அடுப்பில் என்ன கிடந்தாலும் வருவேன்.

உன் அம்மா